மாமா கேக்கச் சொன்னாவ

உ
முத்தாரம்மன் துணை

பத்தமடை மேலக்கரை
விரோதிகிருது வருஷம், ஐப்பசி 12

கொழும்புல இருக்கப்பட்ட என் அண்ணன் மகன் சிரஞ்சீவி அம்மையப்பனுக்கு அத்தை பிரம்மநாயகி எழுதிக்கிட்டது. நான் சுகம். நீ அங்கன சுகமா? கடல் காத்து உன் நெஞ்சுக்கு ஒத்துக்கிடுதா? வேளைக்குத் தின்னுதியா, இல்ல பழையபடி காப்பித் தண்ணியக் குடிச்சிட்டுக் கிடக்கியா?

இந்தக் கடுதாசியைத் தபால்ல போடல. பாய் விக்கக் கப்பலேறுத ஜமீலா பீவியோட அண்ணன் கையில குடுத்து விடுதேன். நம்ம ஊரு தபால்கார ஐயா பண்ணையாரோட மைத்துனருல்லா. அவரு பிரிச்சுப் பாக்காம ஒரு கடுதாசி உள்ள வராது, வெளிய போகாது.

மாமா விழுந்துட்டாவலே. ஆயுத பூசையன்னைக்குச் சுத்தியலுக்குப் பொட்டு வைக்கக் குனிஞ்சவிய அப்படியே சரிஞ்சிட்டாவ. வலது கை விழுந்துட்டு, காலு விழுந்துட்டு, பேச்சும் போயிட்டு. இடது கண்ணால மட்டும் என்னையப் பாத்துக்கிட்டே கிடக்காவ. வைத்தியன் வாதம்ங்கான், பூசாரி அம்மன் கோவம்ங்கான். நான் ரெண்டு பேரு சொன்னதையும் செஞ்சு பாத்துட்டேன்.

உனக்குத் தெரியும், இந்த வீடும் உலையும் ஊருச் சொத்து. ஊருக்கு இரும்பு வேலை செய்யுத வரைக்கும்தான் நமக்கு. பங்குனி அறுப்புக்கு அருவாளெல்லாம் அடிச்சு, முதல் அருவாள ஆசாரி கையால பண்ணையாருக்குக் குடுத்து, அவரு அறுக்குத முதல் கதிர்க்கட்டை வாங்கிட்டா, அடுத்த பங்குனி வரைக்கும் உலை அந்த ஆசாரி வீட்டுக்கு. குடுக்காட்டா வேற ஆளு வந்துருவான். முக்கூடல் ஆசாரி ஒருத்தன் இப்பவே மோந்து பாத்துக்கிட்டு அலையுதான். கட்டிலோட இந்த மனுசனைத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போவேன்? பிள்ளையா குட்டியா?

அதனால நானே அடிக்கப் போறேன். சிரிக்காத. கல்யாணமான நாளையில இருந்து அவியளுக்குத் துருத்தி இழுத்தவ நான். மாமாவுக்குக் குளிர்காய்ச்சல், காத்துப் படக்கூடாது, கதவடைச்சுக்கிட்டு வேலை செய்யுதாவன்னு ஊருல சொல்லி வச்சிருக்கேன். முதல்ல ஜமீலாவுக்குப் பாய் முடையுத கோரையைக் கிழிக்க ஒரு சின்னக் கத்தி. அது சரியா வந்தா அருவாளுக்குப் போவேன். அவதான் இப்ப துருத்தி இழுக்க வாறா. அவ வாயி அடுத்த ஊரு வரைக்கும் கேக்கும். ஆனா இதுல மட்டும் மூச்சு விடமாட்டா.

இனிமே தபால்ல மாமா சுகம்னுதான் எழுதுவேன். "மாமா கேக்கச் சொன்னாவ"ன்னு எழுதுனா நான் கேக்கேன்னு வச்சுக்க. தபால்கார ஐயா, மாமா வேணும்னே கெடுத்துக் காட்டி உன்னையப் பரீட்சை பண்ணுதாவன்னு நெனைச்சுக்கிடட்டும். நீ அங்கன கப்பல் பட்டறையில பெரிய வேலை செய்யுத ஆளு, உனக்குத் தெரியாததா? நீ புறப்பட்டு வந்துராத. ஒப்பந்தத்தை முறிச்சா உள்ள பிடிச்சுப் போட்டுருவான்னு நீதான் எழுதியிருந்த.

உன் அத்தை
பிரம்மநாயகி

---

கொழும்பு
1911 நவம்பர் 14

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு அம்மையப்பன் நமஸ்காரம். நான் சுகம். அத்தையும் மாமாவும் சுகமாக இருப்பதறிந்து சந்தோஷம்.

கடிதம் கைக்கு வந்தது. வாசித்துவிட்டுத் துறைமுகச் சுவரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கரிப்புகையில் கண் எரிந்தது.

மாமா என்னைப் பரீட்சை செய்ய விரும்பினால் எனக்குப் பெருமைதான். கத்திக்கு மாமாவின் தேய்ந்த அரங்களில் ஒன்றை எடுக்கலாம். அரம் நல்ல உருக்கு. மற்றதைக் கேட்டு, இல்லை, யோசித்து எழுதுகிறேன்.

மாமாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.

தங்கள்
அம்மையப்பன்

---

பத்தமடை மேலக்கரை
கார்த்திகை 8

சிரஞ்சீவி அம்மையப்பனுக்கு அத்தை ஆசீர்வாதம். நாங்க ரெண்டு பேரும் சுகம். மழை நல்லா பெஞ்சு கன்னடியன் வாய்க்கால்ல தண்ணி புரண்டு ஓடுது. உனக்கு இருமல் விட்டுட்டா?

மாமா கத்தி அடிச்சாவ. முதல் கத்தி. மாமாவுக்கு இந்த வயசுல முதல் கத்தியான்னு யாரும் கேக்கப்படாது, அரத்துல அடிச்ச முதல் கத்தி. முந்தானையில பொறி விழுந்து ஓட்டையாப் போச்சு. முந்தானை இல்ல, வேட்டி. மாமா வேட்டி.

நல்லா வேகட்டும் வேகட்டும்னு வெள்ளை வெளேர்னு வாற வரைக்கும் உள்ளயே விட்டு வச்சாவ. எடுத்தா மத்தாப்பு மாதிரிப் பூப்பூவாச் சிதறுது. ஜமீலா, "யக்கா, தீபாவளி போன மாசமே முடிஞ்சிட்டே"ங்கா. கல்லுல வச்சு ஒரு அடி. முறுக்கு மாதிரி நொறுங்கிட்டு.

அடுத்த துண்டை அவ்வளவு வேக விடல. தட்டித் தட்டி மூக்கும் முழியுமா கத்தி மாதிரியே வந்துட்டு. ஐப்பசி விசுவுக்குப் பாபநாசத்துல இருந்து கொண்டுவந்த தீர்த்தம் செம்புல இருந்துச்சு. வேற எந்தத் தண்ணி இதைவிடச் சுத்தம்னு செம்புக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, அம்மனைக் கும்பிட்டு, அதுல முக்குனாவ. கிணுக்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா குறுக்க ஒரு மயிர்க்கோடு. விரலால தொட்டதும் ரெண்டு துண்டு.

மாமா கட்டில்ல முகத்தைச் சுவருப் பக்கம் திருப்பிக்கிட்டாவ. அன்னைக்குக் கஞ்சி இறங்கல.

மாமா கேக்கச் சொன்னாவ: எவ்வளவு வேகணும்? தீர்த்தத்துல என்ன குத்தம்? சீக்கிரமா எழுது.

அத்தை

---

கொழும்பு
1911 டிசம்பர் 6

மரியாதைக்குரிய அத்தைக்கு. நான் சுகம். இருமல் குறைந்திருக்கிறது.

பரீட்சைக்குப் பதில். வெள்ளையாகக் காய்ந்தால் உருக்கு வெந்து செத்துவிடுமாம். பொறி பூத்தால் அந்தத் துண்டு போயிற்று. பழுத்த மிளகாய் நிறத்திலிருந்து ஆரஞ்சுப் பழ நிறத்துக்குள் அடிக்க வேண்டும். வெயில் விழும் இடத்தில் நிறம் ஏமாற்றும், நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீர்த்தத்தில் குற்றமில்லை. குளிர்ந்த தண்ணீர்தான் குற்றம். மெல்லிய இரும்பு திடுக்கிட்டு வெடித்துவிடும். எண்ணெயை இளஞ்சூடாக்கி அதில் முக்க வேண்டும்.

இரண்டாவது கத்தி கத்தி மாதிரியே வந்தது என்று எழுதியிருந்தீர்கள். மாமாவிடம் அது பெரிய காரியம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும்.

அம்மையப்பன்

---

பத்தமடை மேலக்கரை
மார்கழி 3

சிரஞ்சீவி அம்மையப்பனுக்கு அத்தை எழுதிக்கிட்டது. ஆண்டவன் கிருபையில சுகம். மார்கழி பொறந்துட்டு, கோவில்ல சங்கு ஊதுதான். நீ அங்கன கோவிலுக்குப் போறியா?

எண்ணெய்க்கு எங்கன போக? அம்மன் விளக்குக்குன்னு நேந்து வச்சிருந்த இலுப்பெண்ணெய்தான் இருந்துச்சு. மாமா அதைத்தான் எடுத்தாவ. அம்மா தாயே, உன் விளக்கு ஒரு மண்டலம் இருட்டாக் கிடக்கட்டும், எங்க வீடு இருட்டாயிரப்படாதுன்னு சொல்லிட்டு எடுத்தாவ.

இந்தத் தடவை வெடிக்கல. மூணாவது கத்தி முழுசா வந்துட்டுலே! கண்ணாடி மாதிரி மினுங்குது. அரத்தைப் போட்டா அரமே வழுக்குது. சாணை பிடிச்சு ஜமீலா கையில குடுத்தேன்.

அவ கோரைத்தண்டை நெடுக்க வச்சு ஒரே இழுப்பு. அழகாக் கிழிஞ்சிட்டு. ரெண்டாவது தண்டு. மூணாவது தண்டுல நரநரன்னு சத்தம். பாத்தா கத்தியோட வெட்டு வாயி பூரா பல்லுப் பல்லா உதிர்ந்து கிடக்கு.

"யக்கா, இது கத்தியா ரம்பமா?"

"வாய மூடுளா."

"நான் மூடிக்கிடுவேன். பண்ணையாரு மூடுவாரா?"

சொல்லி வாய மூடல, கதவைத் தட்டுதாவ. பண்ணையாரு ஆளு. "ஆசாரி எப்படி இருக்காரு? சுத்தியல் சத்தம் முன்ன மாதிரிக் கனமா இல்லியேன்னு எசமான் கேக்காரு"ங்கான். காய்ச்சல்ல கை அசந்து போயிருக்குன்னேன். "முக்கூடல் ஆசாரி நேத்து எசமான் வீட்டுக்கு வாழைத்தாரு கொண்டாந்தான்"னுட்டுப் போயிட்டான்.

மாமா கேக்கச் சொன்னாவ: எல்லாம் நீ எழுதுன மாதிரித்தான் செஞ்சாவ. பின்ன ஏன் உதிருது?

அத்தை

---

பத்தமடை மேலக்கரை
மார்கழி 22

அம்மையப்பனுக்கு. சுகம்.

உன் பதில் வரல. தபால் வாற நாளெல்லாம் வாசல்ல நிக்கேன். தபால்கார ஐயா, "கொழும்புக்காரன் மறந்துட்டான் போல"ன்னு சிரிக்காரு.

மாமா இன்னும் ரெண்டு கத்தி அடிச்சாவ. ரெண்டும் உதிர்ந்துட்டு. அரம் தீர்ந்துக்கிட்டு வருது. அருவாளு ஒண்ணு கூட ஆரம்பிக்கல. உள்ளங்கை பூரா கொப்புளம். மஞ்சளை அரைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி பிடிக்காவ.

நேத்து கோவில்ல நின்னுக்கிட்டு, தாயே, முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, ஆத்துல தண்ணி நல்லாப் போகுதுன்னேன். பிறகு கன்னத்துல போட்டுக்கிட்டேன். கட்டில்ல ஆளு கிடக்கையில எனக்கு ஆறு ஒரு கேடு.

ஏன் எழுதல? உனக்கு ஏதும் ஆயிட்டாலே?

அத்தை

---

கொழும்பு
1912 ஜனவரி 15

அன்புள்ள அத்தைக்கு. நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். பயப்பட வேண்டாம்.

பதில் தாமதித்ததற்குக் காரணம் இது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். நான் பட்டறையில் சுத்தியல் பிடிப்பவன் இல்லை. கரி அள்ளுகிறேன். வந்த நாள் முதல் அதுதான் வேலை. ஊரில் எல்லாரும் பெரிதாக நினைத்ததால் சொல்ல வாய் வரவில்லை. இதுவரை எழுதியதெல்லாம் இங்கே உலை பார்க்கும் கிருபைராஜ் மேஸ்திரியிடம் கேட்டு எழுதியது. அவர் கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சலாய்ப் படுத்தார். வேறு யாரும் கரிக்காரனோடு பேச மாட்டார்கள்.

காத்திருக்கப் பொறுக்கவில்லை. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது ஓர் உடைந்த அரத்தை எடுத்து நானே அடித்தேன். என் முதல் கத்தி. வாழையிலை மாதிரி வளைந்து வந்தது. அதுவும் உதிர்ந்தது. அத்தை எழுதியபடியே, பல்லுப் பல்லாக. இரண்டாவது கத்தி அடிக்கும்போது துரை பார்த்துவிட்டான். அவன் கத்தியது துறைமுகம் முழுக்கக் கேட்டது. இனி உலைப் பக்கம் காலெடுத்து வைத்தால் கப்பல் அடியில் துரு சுரண்ட அனுப்பிவிடுவானாம்.

மேஸ்திரி எழுந்ததும் உதிர்ந்த கத்தியைக் காட்டினேன். பார்த்ததும் கேட்டார், "முக்கினதுக்கு அப்புறம் என்னலே செஞ்ச?" ஒன்றும் செய்யவில்லை என்றேன். "அங்கதான் பாதி வேலையே இருக்கு."

முக்கி எடுத்த கத்தி வெறி பிடித்த மாதிரி இருக்குமாம். அதைத் தணிக்க வேண்டும். செங்கல் பொடியால் பளபளவென்று தேய்த்து, தணல் மேல் தூக்கிப் பிடித்து, பைய மறுபடி சூடு காட்ட வேண்டும். இரும்பின் மேல் நிறம் ஓடி வரும். காய்ந்த வைக்கோல் நிறம் வாய்க்கு வந்ததும் உடனே எடுத்துவிட வேண்டும். நீலம் வந்தால் போயிற்று.

மாமாவுக்குத் தெரியாததில்லை இது. நான்தான் பரீட்சையில் தோற்றேன்.

கரிக்கார
அம்மையப்பன்

---

பத்தமடை மேலக்கரை
தை 14

என் கண்ணு அம்மையப்பனுக்கு அத்தை எழுதிக்கிட்டது. கரி அள்ளுனா என்னலே? நம்ம உலைக்கும் கரிதான் சோறு. ஊருல ஒருத்தரு அதைச் சொல்லிச் சிரிச்சாரு. நான் அவருகிட்ட, கரி அள்ளுத கை திருடாது ஐயா, பிறத்தியார் கடுதாசியும் பிரிக்காதுன்னேன். இப்ப இதைப் படிச்சுக்கிட்டு இருப்பாரு, படிக்கட்டும்.

உன் கடுதாசியப் படிச்சதும் அப்படியே உக்காந்துட்டேன். இத்தனை வருசம் நான் துருத்தி இழுத்தேன். இரும்பு காய்ஞ்சதும் அவிய அடிப்பாவ, முக்குவாவ. சுர்ர்னு சத்தம் கேட்டதும் "நீ போயி சோத்துக்கு வழியப் பாரு"ம்பாவ. நானும் எந்திரிச்சுப் போயிருவேன். அதுக்குப் பிறகு ஒண்ணு இருக்குன்னு நான் பாத்ததே இல்லலே. என்னைக்கும் அங்கன நான் இருந்ததில்ல.

செங்கல் பொடி போட்டுத் தேய்க்கச் சொன்னியா? முதல்ல தேய்க்காமத்தான் சூடு காட்டுனாவ. முக்கி எடுத்ததும் பூசை செஞ்ச மஞ்சளும் குங்குமமும் கத்தி மேலேயே இருந்துச்சு. மஞ்சளா வந்ததும் வைக்கோல் நிறம்னு எடுத்துட்டாவ. அது நான் பூசுன மஞ்சள்! ஜமீலா, "உங்க சாமிக்குப் பொட்டை அப்புறமா வையுங்க யக்கா, முதல்ல கத்தி மூஞ்சி தெரியட்டும்"னா. சரின்னு தேய்ச்சுட்டுப் பாத்தா, அம்மா, என்ன அழகு! முதுகுல இருந்து பைய ஒரு நிறம் ஊர்ந்து வருது. வாய்க்கு வந்ததும் எடுத்தாச்சு.

ஜமீலா ஒரு கட்டுக் கோரையைக் கிழிச்சு முடிச்சா. வாயைத் தடவிப் பாத்தா. மறுபடியும் ஒரு கட்டு எடுத்தா. அவ பேசாம இருந்து நான் இன்னைக்குத்தான் பாக்கேன். பெறவு கத்திய இடுப்புல சொருகிக்கிட்டு, "இதை நான் குடுக்கமாட்டேன், போங்க"ன்னுட்டு அழுதா.

நான் அதை அவ இடுப்புல இருந்து உருவி, கல்லுல ஒரு தட்டுத் தட்டி மாமாவுக்குச் சத்தம் காட்டுனேன். மாமா சுவருல இருந்து முகத்தைத் திருப்புனாவ.

மாமா கேக்கச் சொன்னாவ: கதிர் அருவாளுக்குப் பல்லை எப்ப வெட்ட?

அத்தை

---

கொழும்பு
1912 பிப்ரவரி 12

அன்புள்ள அத்தைக்கு. சுகம். துரை சொன்னதைச் செய்துவிட்டான். கப்பல் அடியில் துரு சுரண்டுகிறேன். வெயில் இல்லை, அது ஒரு சுகம்தான்.

மாமா முகத்தைத் திருப்பினார்கள் என்ற வரியை மேஸ்திரிக்கும் வாசித்துக் காட்டினேன்.

அரிவாளுக்கு முக்குவதற்கு முன்பே உளியால் பல் வெட்டிவிட வேண்டும். பிறகு வெட்டினால் உளிதான் உடையும். முழு அரிவாளையும் முக்க வேண்டாம், வாயை மட்டும் முக்கினால் போதும். அப்போதுதான் முதுகு வளைந்து கொடுக்கும், முறியாது.

அறுப்புக்கு முன் எல்லாம் முடியுமா? நான் இங்கே எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

அம்மையப்பன்

---

பத்தமடை மேலக்கரை
மாசி 20

சிரஞ்சீவி அம்மையப்பனுக்கு. நான் சுகம். மாமாவும் சுகம்.

அருவாள்லாம் ஆயிட்டு. முதல்ல அடிச்சது கோணல், அடுத்ததுக பரவாயில்ல, கடைசியில வந்தது மாமா போன வருசம் அடிச்சதுக்குப் பக்கத்துல வச்சா எது எதுன்னு தெரியல. ஜமீலா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, புதுசைப் போயி பழசுன்னு எடுத்தா.

பண்ணையாரே வீட்டு முன்னால வந்து நின்னாரு. "பங்குனி பொறந்ததும் நாள் கதிர், முதல் அறுப்பு. ஆசாரி களத்துக்கு வரணும்"னாரு. நான் காலுல விழுந்துட்டேன். எசமான், காய்ச்சல் விடல, காத்துப் பட்டா ஆளு தங்காதுன்னேன். ரொம்ப நேரம் கதவையே பாத்துக்கிட்டு நின்னாரு. பெறவு, "சரி, வீட்டுல உள்ள ஆளு கொண்டாரட்டும். ஆனா அருவாளு ஆசாரி கையில இருந்து வாங்கிட்டு வந்ததா இருக்கணும். முத்தாரம்மன் சத்தியமா கேப்பேன்"னுட்டுப் போனாரு.

அது போதும். அருவாள அவிய கையில இருந்து வாங்கிட்டுப் போக எனக்கு என்ன கஷ்டம்?

மாமா ரெண்டு நாளாக் கஞ்சி குடிக்கல. வேற ஒண்ணும் இல்ல. சுகம்தான்.

மாமா ஒண்ணும் கேக்கச் சொல்லல.

அத்தை

---

பத்தமடை மேலக்கரை
பங்குனி 25

அம்மையப்பா, இது ஜமீலா அண்ணன் கையில வருது. மாமா போயிட்டாவன்னு உனக்குத் தந்தி வந்திருக்கும். காரியமெல்லாம் முடிஞ்சிட்டு. கொள்ளிக்குப் பங்காளி வீட்டுல இருந்து ஆளு வந்துச்சு. நீ அழுதிருப்ப. அழுதது போதும், இனி நான் சொல்லுததைக் கேளு. படிச்சிட்டுக் கிழிச்சுக் கடல்ல போட்டுரு.

நாள் கதிர் அன்னைக்கு விடியக் கருக்கல்ல கஞ்சி ஆத்திக்கிட்டுப் போனேன். மாமா கண்ணு திறந்தபடி இருந்துச்சு. தொட்டேன். உடம்பு குளுந்து கிடக்கு.

வாயத் திறந்துட்டேன் அலற. அப்ப களத்துல தமுக்கு அடிக்கான். நான் அலறுனா தீட்டு. தீட்டு வீட்டு அருவாள எவனும் தொடமாட்டான். வெயில் ஏறுததுக்குள்ள முக்கூடல்காரன் அருவாள் போயிரும். நான் முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டேன்.

கடைசியா அடிச்ச அருவாள எடுத்தேன். செத்துக் கிடந்த அந்த வலது கைய எடுத்து, விரலைப் பிரிச்சு, பிடியை உள்ள வச்சு, ஒவ்வொரு விரலா மடக்குனேன். கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பெறவு உருவிக்கிட்டேன். கதவைச் சாத்திட்டுக் களத்துக்குப் போனேன்.

பண்ணையாரு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. "முத்தாரம்மன் சத்தியமாச் சொல்லு. ஆசாரி கையில இருந்து வாங்குனதா?"

"ஆமா எசமான். இப்பதான் அவிய கையில இருந்து எடுத்துட்டு வாறேன்."

பொய் இல்ல, லே. ஒரு எழுத்துப் பொய் இல்ல.

அவரு களத்தோரத்து வயல்ல குனிஞ்சு ஒரு பிடி கதிரைப் பிடிச்சு இழுத்தாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். சரக்னு ஒரே சத்தம். வாயைத் தடவிப் பாத்துட்டு, "காய்ச்சல்லயும் கை நிதானம் போகல"ன்னாரு. கதிர்க்கட்டை என் தலையில ஏத்தி விட்டாவ. வீட்டுக்கு வந்து அவிய கால்மாட்டுல கதிரை வச்சேன். அதுக்குப் பிறகுதான் கதவைத் திறந்தேன். அதுக்குப் பிறகுதான் அழுதேன்.

குளிப்பாட்ட வந்தவிய கைய நீட்டப் பாத்தாவ. முடியல. எதையோ பிடிச்ச மாதிரி விறைச்சுப் போயிருந்துச்சு. அருவாள் பிடி கனத்துக்கு நடுவுல ஒரு ஓட்டை. அறுப்புக்குப் போயிட்டு வந்த பொம்பளைகளும் அங்கன நின்னாளுவ. எல்லாரு இடுப்புலயும் நான் அடிச்ச அருவாளு. அந்தக் கையப் பாத்தாளுவ, என்னையப் பாத்தாளுவ. ஒருத்தி வாயத் திறக்கல. ஜமீலாதான் ஒரு சேலைய எடுத்துக் கை மேல போத்தி விட்டா.

கதிர் வாங்குனது வாங்குனதுதான், அடுத்த பங்குனி வரைக்கும் உலை எனக்குன்னு பண்ணையாரு சொல்லிட்டாரு. அதுக்குள்ள மருமகன் வந்துரணுமாம். ஒப்பந்தம் முடிஞ்சா நீ வருவ. வராட்டாலும் பாத்துக்கிடுவேன்.

கோவிலுக்குள்ள இன்னும் போகல. தீட்டோட போயி அவ பேருல சத்தியம் பண்ணுனவ, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? வாசல்ல நின்னு சொல்லிட்டு வந்துட்டேன். தாயே, தண்டனை குடுக்கணும்னா கண்ண எடுத்துக்கோ, காலை எடுத்துக்கோ. கைய மட்டும் விட்டுரு.

நேத்து உலையைப் பத்த வச்சேன். கதவை அடைக்கல.

உன் உடம்பைப் பாத்துக்க. மேஸ்திரிக்கு என் கும்பிடு. மண்வெட்டி வாயில உருக்கை எப்படி ஒட்ட வைக்கணும்னு அவருகிட்டக் கேட்டு எழுது.

மாமா கேக்கல. நான் கேக்கேன்.

பிரம்மநாயகி